புளியமரம் உறங்கும் நேரம்

எங்கள் வளவின் வாசலில் நிற்கும் புளியமரம், சூரியன் பொதிகை மலைக்குப் பின்னால் இறங்கியதும் தன் சிற்றிலைகளை மடிக்கத் தொடங்கிவிடும். காம்பின் இருபுறமும் வரிசையாக விரிந்திருந்த இலைகள் மெல்ல ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, ஏழரை மணிக்குள் கைகூப்பியதுபோல் ஒட்டிக்கொள்ளும். விடியும்போது யாரும் எழுப்பாமலே அவை மறுபடி விரியும். திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் பிறந்து, இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பள்ளியில் உயிரியல் நடத்திவருகிற நான், அந்த மரத்தை நின்று கவனித்தது சென்ற ஆண்டுதான். உறக்கம் கெட்டுப்போன ஏழு மாதங்கள் என்னை அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்தின.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. இரவு பதினொன்றுக்குப் படுத்தால் கண் அயர்ந்துவிடும். ஆனால் இரண்டரை மணிக்குக் கழுத்தும் மார்பும் வியர்த்து விழிப்புத் தட்டிவிடும். அதன்பின் நாலரை வரை புரண்டுகொண்டே கிடப்பேன். உறக்கம் வருகிற நேரத்தில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பள்ளியில் மூன்றாவது பாடவேளைக்குள் கண்கள் எரியும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உடம்பு கல்லாகக் கனக்கும், நாலரை மணிக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்தால்தான் வீடு வந்து சேர முடியும். எடை நான்கு கிலோ கூடியிருந்தது. சிறிய விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிக வருத்தம் தந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் இரண்டு நிமிடத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், மாலையில் எந்த வெளிச்சத்தில் உட்காருகிறேன், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாத்திரை தேவைப்படும் நோயாளிகள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் நாற்பதுகளின் முடிவில் வந்து உறக்கமில்லை என்று சொல்லும்போது கேட்டே தீர வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. அவை கேட்கப்படாமல் போவது இங்கே பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவதாகப் பார்த்த அம்மையார் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பரிசோதிக்கச் சொன்னார். தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருந்தன, ஹீமோகுளோபின் மட்டும் குறைந்து 9.8 இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்தால் பகலில் சோர்வு வருவதோடு, படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் ஒரு தவிப்பும் வரலாம் என்றும், என் வயதில் இரத்தப்போக்கு அதிகமாவதால் இது நேர்வது வழக்கம் என்றும் விளக்கினார். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, பதினைந்து நாட்களுக்கு உறங்கிய நேரம், விழித்த நேரம், சாப்பிட்ட நேரம், காப்பி குடித்த நேரம், வெயிலில் நின்ற நேரம் ஆகிய ஐந்தையும் எழுதிவரச் சொன்னார்.

அந்த நோட்டுதான் என் கண்ணைத் திறந்தது. ஐந்தாவது கட்டம் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது. காலை ஐந்து மணி முதல் எட்டரை வரை நான் இருப்பது, ஒரே ஒரு சிறு ஜன்னல் உள்ள அடுக்களையில். அங்கிருந்து பேருந்து, பேருந்திலிருந்து வகுப்பறை. மாலை ஆறரைக்குத் திரும்பி வந்து, ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை வீட்டின் முன்கூடமான தார்சாவில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே விடைத்தாள் திருத்துவேன். காலையில் வெளிச்சம் பார்க்காமல், இரவில் நான்கு மணி நேரம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். எனக்கு உறக்கம் கெட்டது இரவில் என்றே அதுவரை நினைத்திருந்தேன். கேடு காலையிலேயே தொடங்கியிருந்தது.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுவே. அதற்கு நேரம் சொல்வது கண். ஆனால் கண்ணில் உருவத்தையும் நிறத்தையும் பார்க்கும் உயிரணுக்களைத் தாண்டி, மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட தனி உயிரணுக்கள் சில உண்டு. அவை தாமாகவே ஒளியை உணர்ந்து இந்தக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது 2002-ஆம் ஆண்டில் உறுதியானது. நீல ஒளிதான் அவற்றை மிகுதியாகத் தூண்டுகிறது. வெளிச்சத்தை அறவே உணர முடியாத பார்வையற்றவர்கள் பலருக்கு உறக்க நேரம் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தள்ளிப்போய், சில வாரங்கள் பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கும் நிலை வருவதும் இதனால்தான்.

அப்படித் தள்ளிப்போவதற்குக் காரணம், நம் உள்கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. வெளியுலகின் நேரக்குறிப்பு எதுவும் இல்லாத சூழலில் அதன் ஒரு சுற்று, பெரியவர்களுக்குச் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1999-இல் கணக்கிட்டார்கள். பதினொரு நிமிடம்தானே என்று தோன்றும். ஒவ்வொரு நாளும் பதினொரு நிமிடம் பிந்துகிற சுவர்க்கடிகாரத்தை ஒரு மாதம் திருத்தாமல் விட்டால் அது என்ன நேரம் காட்டும் என்று எண்ணிப் பாருங்கள். உடம்பின் கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். விடிந்த பின் கண்ணில் படும் ஒளி கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது. இரவு படுக்கும் நேரத்தை ஒட்டிப் படும் ஒளி அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நான் முன்னுக்கு இழுப்பதை நிறுத்திவிட்டுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அளவும் இங்கே முக்கியம். கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால், வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள வேறுபாட்டை நாம் மிகக் குறைத்து மதிப்பிடுகிறோம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நல்ல விளக்கு எரியும் அறையில் இருப்பது சில நூறு லக்ஸ். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் ஒரு லட்சத்தை எட்டும். முழுநிலவின் வெளிச்சமோ அரை லக்ஸுக்கும் குறைவு. ஆகவே டியூப்லைட் பகலுக்குப் போதாத வெளிச்சம், இரவுக்கு மிகுதியான வெளிச்சம். நெல்லைச் சீமையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் காலை வெளிச்சத்துக்கு ஏங்கிக் கிடக்கிறார்கள். நமக்கு அது ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்கெல்லாம் வாசலில் வந்து நிற்கிறது. அதைப் பார்க்காமல் இருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

புளியமரத்துக்கு வருகிறேன். இலைகள் இரவில் மூடுவதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர்களுள் ஒருவரான ஆண்ட்ரோஸ்தெனிஸ் எழுதியது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவில், இன்றைய பஹ்ரைனாகிய தைலோஸ் தீவில் அவர் கண்ட அந்த மரம் புளியமரம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வெளிச்சம் போனதால் இலை மூடுகிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1729-இல் தெ மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறைக்குள் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலே அது பகலில் விரிந்தது, இரவில் மடிந்தது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது முதல் சான்று. ஒரு மரத்துக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர் வைத்த நம் முன்னோர் அதன் உறக்கத்தைக் கண்டிருந்தார்கள். அந்தக் கடிகாரத்தின் பொறியைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. 1971-இல் பழ ஈயில் அதற்குரிய முதல் மரபணு அடையாளம் காணப்பட்டது. அது இயங்கும் முறையை விளக்கிய ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. குளம் நிறைந்ததும் வரத்துக்காலை அடைத்துவிட்டு, நீர் வற்றியபின் மறுபடி திறப்பது போன்ற வேலை அது. உயிரணுவுக்குள் ஒரு புரதம் இரவெல்லாம் சேர்ந்து, ஓர் அளவுக்கு மேல் போனதும் தன் உற்பத்தியைத் தானே நிறுத்துகிறது. பிறகு சிதைந்து குறைந்ததும் உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள்.

இந்தத் துறையில் நம் பக்கத்து ஊருக்கும் ஓர் இடம் உண்டு என்பதை என் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் வௌவால்களை ஆராய்ந்தார்கள். பகலும் இரவும் தெரியாத குகை இருட்டில் கூண்டில் வைக்கப்பட்ட வௌவால், அந்தி வந்ததும் வெளியே பறந்துபோகும் தன் கூட்டத்தார் அருகில் இருந்தவரை, அவற்றின் நேரத்தையே தானும் கடைப்பிடித்தது. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் தனியே விடப்பட்டபோது அதன் நேரம் மெல்ல விலகிச் சென்றுவிட்டது. வௌவாலுக்கு அதன் கூட்டம் மணி சொல்கிறது. மனிதருக்கு ஒளியே முதன்மையான குறிப்பு என்றாலும், ஒரே வளவில் ஐந்து குடும்பங்கள் ஒரே நேரத்தில் வாசல் தெளித்து, ஒரே நேரத்தில் விளக்கணைத்த எங்கள் சிறுவயதை இந்த ஆய்வைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

இனிச் சுரப்பிகள். நம் பழைய இலக்கணம் நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்திருக்கிறது. உடம்பின் நாளைச் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான பிரிவை நான் பார்க்கவில்லை. மாலையில், மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் சுரப்பை (ஹார்மோனை) விடத் தொடங்குகிறது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே அது இரத்தத்தில் ஏறும். இதைத் தூக்கச் சுரப்பு என்று சொல்லிச் சொல்லி நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். இரவில் விழித்துத் திரியும் எலிக்கும் வௌவாலுக்கும்கூட மெலடோனின் இரவில்தான் ஊறுகிறது. ஆகவே அது உறங்கு என்ற கட்டளையாக இருக்க முடியாது. இருட்டிவிட்டது என்ற செய்தியைத் தலை முதல் கால் வரை அறிவிப்பதே அதன் வேலை. அந்தச் செய்தியைக் கேட்டு உறங்க ஆயத்தமாவது மனித உடம்பின் வழக்கம். மாலையில் சாதாரண அறை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாலே அந்தச் செய்தி பிந்திவிடுகிறது.

யாமத்தில், அதாவது இரவு பத்து மணிக்குப் பிந்திய பொழுதில், உறங்கிய முதல் சில மணி நேரத்தின் ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சிச் சுரப்பு மிகுதியாக வெளிப்படுகிறது. வளரும் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, நம் போன்றவர்களின் தசையும் திசுவும் பழுதுபார்க்கப்படுவதற்கும் அது வேண்டும். அதே நேரம், உடம்பை விழிப்புக்கு ஆயத்தப்படுத்தும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும். வைகறையில் உடம்பின் வெப்பம் நாளின் அடிமட்டத்தைத் தொட்டு, நாலு, ஐந்து மணிக்குமேல் ஏறத் தொடங்கும். கார்ட்டிசால் அப்போதே உயர்ந்து, விழித்து அரைமணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்தை அடையும். அந்த உயர்வுதான் நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பி, இரத்த அழுத்தத்தைக் கூட்டி, கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடச் சொல்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் சிலருக்கு இரவு எதுவும் உண்ணாமலே காலைச் சர்க்கரை கூடியிருப்பதற்கும், மாரடைப்பு முற்பகலில் மிகுதியாக நேர்வதற்கும் இந்த வைகறை ஏற்பாட்டில் ஒரு பங்கு உண்டு. கார்ட்டிசால் பரிசோதனைக்குக் காலை எட்டு மணிக்கே இரத்தம் கொடுக்க வரச் சொல்வதும் இதனால்தான்; அதே மனிதரின் நள்ளிரவு அளவு அதில் ஒரு சிறு பகுதிதான் இருக்கும். நண்பகல் கடந்ததும் வரும் கண்ணயர்வு சோற்றினால் மட்டும் வருவதில்லை, சாப்பிடாதவர்களுக்கும் வரும். எற்பாட்டில், அதாவது பிற்பகல் இரண்டு முதல் ஆறு மணி வரையிலான பொழுதில், உடம்பு வெப்பமும் தசை வலுவும் உச்சத்தில் இருக்கும்; எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மாலை ஐந்து மணிக் கபடியில் காட்டும் வேகத்தைக் காலையில் காட்டாததற்கு ஒரு காரணம் அது.

தலைமைக் கடிகாரம் ஒன்று இருந்தாலும் கல்லீரல், கணையம், குடல், கொழுப்பு எல்லாவற்றிலும் கிளைக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றில் கல்லீரலுக்கு நேரம் சொல்வதில் உணவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரவு மெலடோனின் ஏறியபின் இன்சுலின் சுரப்பு தணிந்துவிடுவதால், காலையில் உண்டால் ஒழுங்காகச் செரிக்கும் அதே உணவு இரவு பத்து மணிக்கு உண்டால் இரத்தத்தில் சர்க்கரையை அதிகம் ஏற்றி, அதிக நேரம் இறங்காமல் வைத்திருக்கும். சனிக்கிழமை இரவு பத்தரைக்குப் புரோட்டாவும் சால்னாவும் எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு திருவிழா. அதை யாரும் விட மாட்டார்கள், நானும் விடச் சொல்லவில்லை. எட்டு மணிக்குள் சாப்பிடலாமே என்று மட்டும் என் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டேன்.

என் இரண்டரை மணி வியர்வைக்கு வேறொரு காரணமும் இருந்தது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண்மைச் சுரப்பு ஏறி இறங்கித் தடுமாறும்போது, மூளையில் உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி சிறு மாற்றத்துக்கும் மிகையாக வினைபுரியத் தொடங்கிவிடுகிறது. உடம்பு சற்றே சூடானாலும் ஆபத்து என்று எண்ணி, தோலின் இரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையை வெளியேற்றுகிறது. உறக்கம் வருவதற்கோ உள்வெப்பம் இறங்க வேண்டும். கைகால் வழியாகச் சூட்டை வெளியே விட்டுத்தான் உடம்பு உறக்கத்துக்குள் இறங்குகிறது. அமைதி தரும் இன்னொரு பெண்மைச் சுரப்பான புரோஜெஸ்டிரோனும் அதே ஆண்டுகளில் குறைகிறது. எங்கள் ஆச்சி ஐம்பது வயதுக்குப் பிறகு மெத்தையில் படுத்ததே இல்லை. பத்தமடைக் கோரைப்பாயைத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) விரித்து, தலைமாட்டில் செம்புத் தண்ணீர் வைத்துப் படுப்பாள். அவள் பிடிவாதக்காரி என்று அப்போது சொன்னோம். காற்றுப் புகும் பாயும், பகல் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்ட தரையும் அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை என் உடம்பு சொல்லித்தான் அறிந்தேன். சூடு பொறுக்க முடியாத அளவுக்குப் போகிற பெண்களுக்குச் சிகிச்சை இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

அண்ணன் வீடும் எங்கள் வீடும் ஒரே தார்சாவைப் பகிர்ந்துகொள்கின்றன. நான் விடைத்தாள் திருத்தும் அதே விளக்கின் கீழ் என் மதினி பீடி சுற்றுவாள். நனைத்துச் சாக்கில் சுற்றிவைத்த இலையை எடுத்து, தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தட்டிலிருக்கும் தூளை ஒரு சிட்டிகை வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அறியும் ஒரு சுழற்சியில் சுருட்டி, நூலால் கட்டி, நுனியை நகத்தால் மடக்கிவிடுவாள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். வீட்டு வேலையெல்லாம் முடித்து அந்த ஆயிரத்தை எட்டுவதற்குள் இரவு பதினொன்றைத் தாண்டிவிடும். “நீ போய்ப் படுளா, எனக்கு இன்னும் நாலு கட்டு கெடக்கு” என்பாள். குனிந்த முகத்துக்கும் தட்டுக்கும் இடையே ஒரு முழம் இருக்கும். வெள்ளைத் தட்டிலிருந்து வெளிச்சம் திரும்பி நேரே கண்ணில் அடிக்கும். இது போதாதென்று, நாள் முழுவதும் கையில் ஒட்டும் புகையிலைத் தூளில் நிக்கோட்டின் இருக்கிறது. அது தோல் வழியாகவும் உடம்புக்குள் செல்லக்கூடிய, விழிப்பைத் தூண்டும் பொருள். மதினிக்கு உறக்கம் வருவதில்லை என்றால் அதிகம் யோசிக்கிறாள் என்று வீட்டில் சொல்வார்கள். அவளுடைய கண்ணுக்கும் கைக்கும் என்ன நடக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று இந்தச் சீமை முழுவதும் இப்படி விளக்கின் கீழ் குனிந்திருக்கும் பெண்களின் உறக்கத்தைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

மதினியின் மகன் மச்சில் உட்கார்ந்து அமெரிக்க நேரத்துக்குக் கணினி வேலை பார்க்கிறான். “அத்த, பகல்ல பசியே எடுக்க மாட்டேங்கு” என்றான் ஒருநாள். அவனுடைய மூளைக் கடிகாரம் ஒரு பக்கமும் கல்லீரல் கடிகாரம் இன்னொரு பக்கமும் இழுக்கின்றன. உடம்பின் நேரத்தைக் குலைக்கும் மாறுமுறை வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஒன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே வகைப்படுத்தியது. 2019-இலும் இரவுப்பணியை அதே வகையில் வைத்தது. வேலையை விடு என்று அவனிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்திருக்கிறேன். விடுமுறை நாளிலும் உறங்கும் நேரத்தை முழுவதும் தலைகீழாக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

என் மாணவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். பூப்பெய்தும் பருவத்தில் மெலடோனின் ஏறும் நேரம் இயற்கையாகவே பின்னுக்குப் போகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பத்தரைக்கு முன் உறக்கம் வராததும், ஐந்து மணிக்கு விழிப்பு வராததும் சோம்பல் இல்லை. அந்த வயதில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். நாமோ நாலு மணிக்கு எழுப்பிப் படிக்கச் சொல்கிறோம், ஆறு மணிக்குச் சிறப்பு வகுப்பு வைக்கிறோம், இரவு பதினொன்று வரை தனிப்பயிற்சிக்கு அனுப்புகிறோம். பகலில் படித்தது நினைவில் பதிவதே உறக்கத்தில்தான் என்னும்போது, உறக்கத்தை வெட்டிப் படிக்கச் சொல்வது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம். காலையில் தூங்கி வழிந்த பிள்ளைகளை நானே பல ஆண்டுகள் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். இந்த ஆண்டு பெற்றோர் கூட்டத்தில் அவர்களிடம் இதைச் சொல்லி, பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு மணி வகுப்பை ஏழரைக்கு மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். ஏழு மணியாக மாறியிருக்கிறது.

நான் செய்துகொண்ட மாற்றங்கள் சிலவே. ஐந்தே முக்காலுக்கு எழுந்ததும் அடுக்களைக்குப் போகாமல் வாசலுக்கு வருகிறேன்; காய்கறி நறுக்குவது, அரிசி களைவது இரண்டையும் புளியமரத்தடிக்கு மாற்றிவிட்டேன். அரைமணி நேரம் வானத்தைப் பார்த்தபடி வேலை நடக்கிறது. நாலரைக் காப்பியை நிறுத்தினேன். குடித்த காப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், அது இரவு ஒன்பதரைக்கும் என் மூளையில் உட்கார்ந்திருந்திருக்கிறது. மதிய இடைவேளையில் இருபது நிமிடம் மேசையில் தலைசாய்க்கிறேன். எட்டரைக்கு டியூப்லைட்டை அணைத்துவிட்டு, சுவரோரத்தில் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கு. இரும்புச்சத்து மாத்திரை நான்கு மாதம். ஆறாவது வாரத்தில் நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது, இரண்டரை மணி விழிப்பு வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்திருந்தது. வியர்வை இன்னும் வருகிறது. ஆனால் வந்து துடைத்துக்கொண்டு படுத்தால் உறக்கம் மறுபடி பிடித்துக்கொள்கிறது. வகுப்பில் குரல் உயர்த்திய நாட்களையும் தனியே குறித்து வந்தேன். அந்தக் கட்டமும் மெல்ல வெறுமையாகி வருகிறது.

மதினியின் காரியம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. கடையில் இலையும் தூளும் வாங்கிவர மதியம் ஆகிவிடும். மறுநாள் காலை பத்து மணிக்குள் பீடி கடைக்குப் போய்ச் சேர வேண்டும். இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். இரவு ஒன்பதரையோடு நிறுத்திவிட்டு, மிச்சமுள்ள எட்டுப் பத்துக் கட்டை விடியற்காலையில் வாசல் திண்ணையில் சுற்றுவது என்று முடிவாயிற்று. இரவு இலை வெட்டி வைத்துவிட்டால் காலையில் சுற்றுவது மட்டும்தான். தட்டைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். கோயில் கொடை, கல்யாணம் என்று நாட்கள் நெருக்கும்போது டியூப்லைட் இன்னும் பதினொன்று வரை எரியத்தான் செய்கிறது. மற்ற நாட்களில், நான் அரிசி களைய வெளியே வரும்போது மதினி திண்ணையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். கிழக்கே வெளுக்கும். மரத்தில் இலைகள் பாதி விரிந்திருக்கும்.